தேங்கிக் கிடக்கும் றோ படங்களை முறைவழியாக்கல்



கரி வினோகிராண்ட் என்ற அமெரிக்க நிழற்படக் கலைஞர் 1984ஆம் ஆண்டு காலமானார். அவர் விட்டுச்சென்ற பிலிம் சுருள்களில் ஏறத்தாழ 2,500 சுருள்கள் படம்பிடிக்கப்பட்ட பின்னர் கழுவப்படாமலே கிடந்தன. மேலும் 6,500 அளவிலான சுருள்கள் கழுவப்பட்டிருந்தன; ஆயின் அவற்றிலிருந்து பார்ப்பதற்கான அச்சு எடுக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு சுருளில் 36 படங்கள் எனக் கொண்டால், கழுவாத சுருள்களில் மாத்திரம் 90,000 படங்கள். எடுத்தவரே கண்ணால் காணாத படங்கள் அவை.

இன்று சுருளுமில்லை, கழுவும் இருட்டறையுமில்லை. தேக்கம் மட்டும் இடம் மாறி வன்தட்டுக்குள் வந்துவிட்டது. உங்கள் பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டியைப் படம்பிடிக்க ஊடகக் கழகத்தின் சார்பில் நீங்கள் செல்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். மாலையில் வீடு திரும்பும்போது நினைவக அட்டையில் 2,400 றோ படங்கள் இருப்பது இக்காலத்தில் வியப்பானதன்று. பாடசாலைச் சஞ்சிகைக்கு 40 படங்கள் வேண்டும். ஓடிய பிள்ளைகளின் பெற்றோர் தத்தம் பிள்ளையின் படத்தைக் கேட்பார்கள். இந்த 2,400 கோப்புகளையும் எந்த ஒழுங்கில் கையாள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். தரவு வகைகுறித்தல், கோப்பின் அளவைக் கணித்தல், தொகுதி முறைவழியாக்கம் ஆகிய பாடப்பகுதிகள் மூன்றும் இந்த ஒரே உதாரணத்தில் வந்து சேர்வதால், இதனை ஊன்றிப் படிப்பது பரீட்சைக்கும் உதவும்.

றோ கோப்பு என்பது யாது?

றோ என்பது சுருக்கப்பெயரன்று. சமைக்காத, பச்சையான என்னும் பொருளுடைய சாதாரண ஆங்கிலச் சொல்லே அது. கமராவின் உணரியில் விழுந்த ஒளியின் அளவுகளை நிறப்படமாக மாற்றாமல், பெற்றவாறே இலக்கங்களாகப் பதிந்து வைத்திருக்கும் கோப்பே றோ கோப்பு ஆகும். நிக்கொன் கமராக்களில் இதன் நீட்சிப்பெயர் என்.ஈ.எவ். என்றும் சொனி கமராக்களில் ஏ.ஆர்.டபிள்யூ. என்றும் இருக்கும். கனன் கமராக்களில் சீ.ஆர்.2, சீ.ஆர்.3 என்பன காணப்படும். எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவாகப் பயன்படத்தக்க டீ.என்.ஜீ. என்ற வடிவத்தை அடோபி நிறுவனம் 2004இல் வெளியிட்டது.

இங்கே பலர் அறியாத ஒரு விடயம் உண்டு. கமராவின் உணரிக்கு நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி விழுந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு நிற வடி பொருத்தப்படுகின்றது. கொடாக் நிறுவனத்தில் பணிபுரிந்த பிறைஸ் பேயர் என்பவரின் பெயரில் 1976இல் காப்புரிமை வழங்கப்பட்ட ஒழுங்கே இன்றும் பெரும்பாலான கமராக்களில் உள்ளது. நான்கு பிக்சல்கள் கொண்ட ஒரு சதுரத்தில் இரண்டுக்குப் பச்சை வடி, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். பச்சைக்கு இரு பங்கு கொடுக்கப்பட்டதற்குக் காரணம், மனிதக் கண் ஒளிர்வின் நுண்ணிய வேறுபாடுகளைப் பச்சைப் பகுதியிலேயே கூடுதலாக உணர்வதாகும். இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், றோ கோப்பில் ஒரு பிக்சலுக்கு ஒரு நிறத்தின் அளவு மட்டுமே உண்டு. ஏனைய இரு நிறங்களையும் அயற் பிக்சல்களைக் கொண்டு மென்பொருள் பின்னர் கணித்துக்கொள்கிறது. இவ்வரியின் கீழ் ஒரு கோடிட்டு வையுங்கள். இறுதியில் வரும் வினாவில் பலர் வழுக்கி விழும் இடம் இதுவே.

ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 8 பிற்றுகள், அதாவது 256 படிகள். றோ கோப்பில் 12 பிற்றுகள் எனின் 4,096 படிகள். 14 பிற்றுகள் எனின் 16,384 படிகள். இருண்டுபோன முகத்தை வெளிச்சமாக்கும்போது றோ படம் தாக்குப்பிடிப்பதும் ஜேபெக் படத்தில் திட்டுத்திட்டாகத் தெரிவதும் இந்தப் படிகளின் எண்ணிக்கையினாலேயாகும். ஆனால் றோ எல்லாவற்றையும் மீட்டுத்தரும் என எண்ண வேண்டாம். நண்பகல் வெயிலில் வெள்ளைச் சீருடை முற்றாக வெளுத்து, உணரி தன் உச்ச அளவைத் தொட்டுவிட்டால் அவ்விடத்தில் தரவு எதுவும் இல்லை. இல்லாத தரவை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

எல்லாவற்றையும் றோவில் எடுக்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு மணித்தியாலத்தில் பத்திரிகைக்குப் படம் அனுப்ப வேண்டியவர் ஜேபெக்கில் எடுப்பதே முறை. தேக்கத்தைக் குறைக்கும் முதல் வழி அதனை உண்டாக்காமல் விடுவதுதான்.

காலக் கணக்கு

கணக்கைக் கண்டு கலைப்பிரிவு மாணவர் ஓட வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே இங்கு உள்ளன. முதற்படத்தைத் திறந்து, திருத்தி, மூடி, இரண்டாம் படத்தைத் திறந்து என வரிசையாகச் செல்வதே பலரின் வழக்கம். ஒரு படத்துக்கு 3 நிமிடம் எனின் 2,400 × 3 = 7,200 நிமிடங்கள், அதாவது 120 மணித்தியாலங்கள். நாளொன்றுக்கு 4 மணித்தியாலம் ஒதுக்கினாலும் 30 நாட்கள் வேண்டும். எவரும் அவ்வாறு முப்பது நாள் அமர்வதில்லை. மூன்றாம் நாளே சலித்து, கோப்புறையை மூடிவிட்டு அடுத்த விழாவுக்குச் சென்றுவிடுவர். தேக்கம் உருவாவது இப்படித்தான்.

இப்போது ஒழுங்கை மாற்றிப் பாருங்கள். முதலில் எதனையும் திருத்தாமல், படத்துக்கு 3 செக்கன் வீதம் பார்த்துத் தெரிவு மட்டும் செய்தால் 2,400 × 3 = 7,200 செக்கன், அதாவது 2 மணித்தியாலம். இதில் 500 படங்கள் தேறின என்போம். அவற்றை மீண்டும் 3 செக்கன் வீதம் பார்த்து 300 ஆக்க 25 நிமிடங்கள். அந்த 300ஐயும் ஒளியின் அடிப்படையில் 12 தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்கு 10 நிமிடம் செலவிட்டால் 2 மணித்தியாலம். பின் ஒவ்வொன்றாக 30 செக்கன் வீதம் சரிபார்க்க 2 மணித்தியாலம் 30 நிமிடம். சஞ்சிகைக்குரிய 40 படங்களுக்கு மட்டும் 3 நிமிடம் வீதம் 2 மணித்தியாலம். மொத்தம் 8 மணித்தியாலம் 55 நிமிடம். கணினி அதே கணினிதான். கையும் அதே கைதான். 120 மணித்தியாலம் 9 மணித்தியாலமாகக் குறைந்தது, நீங்கள் எடுக்க வேண்டிய தீர்மானங்களின் எண்ணிக்கை குறைந்ததனாலேயே. புதிய கணினி வாங்கினால் வேலை தீர்ந்துவிடும் என்பாரிடம் இக்கணக்கைக் காட்டுங்கள்.

தெரிவுக்கு முன்னர் செய்ய வேண்டியது

அட்டையிலுள்ளவற்றைக் கணினிக்குப் பிரதி செய்தவுடன் இரண்டாவது பிரதியொன்றை வேறொரு வன்தட்டில் எடுக்க வேண்டும். இரண்டிலும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்த்து, சில கோப்புகளைத் திறந்தும் பார்த்த பின்னரே அட்டையை அழிக்கலாம். அந்த இரண்டாவது வன்தட்டு அதே மேசையில் இருத்தலாகாது. பாடசாலையில் ஒன்று, ஆசிரியரின் வீட்டில் ஒன்று என வைத்தல் நன்று. 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின்னரும் யுத்தகால இடப்பெயர்வுகளின் பின்னரும் ஒரு குடும்பப் படமேனும் மிஞ்சாத வீடுகள் எம்மிடையே எத்தனை என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஒரே இடத்தில் இருந்த ஒரே பிரதி என்பதுதான் அந்த இழப்பின் பொருள். பரீட்சையில் காப்புப்பிரதியின் அவசியத்தை விளக்குக என்று வந்தால், வெறுமனே 'தரவு இழக்கப்படலாம்' என எழுதி விடாமல் 'வேறிடத்தில்' என்ற சொல்லையும் சேர்த்து எழுதுங்கள்.

கோப்புறைக்குப் பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கைப் பின்பற்றுக. 20250214 என்பதுபோல் எழுதினால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். நாளை முன்னால் எழுதினால் கணினி எல்லா மாதங்களின் 14ஆம் நாட்களையும் அருகருகே கொண்டுவந்து வைக்கும். இரண்டு கமராக்களைப் பயன்படுத்தினால் காலையிலேயே இரண்டின் கடிகாரங்களையும் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். எடுத்த நேரம் ஒவ்வொரு கோப்பிலும் மீதரவாகப் பதிவாகின்றது. கடிகாரங்கள் பிசகினால் பரிசளிப்புப் படம் ஓட்டப்போட்டிக்கு முன்னால் வந்து நிற்கும்.

தெரிவு செய்தல்

பெரும்பாலான றோ கோப்புகளுக்குள்ளேயே ஒரு ஜேபெக் முன்தோற்றமும் பொதிந்திருக்கும். தெரிவுக்கு அதுவே போதும். றோ தரவு முழுவதையும் விரித்துக் காட்டுமாறு மென்பொருளைக் கேட்டால் ஒவ்வொரு படத்துக்கும் காத்திருக்க நேரிடும். செய்திப் படப்பிடிப்பாளர்கள் போட்டோ மெக்கானிக் போன்ற மென்பொருளை விரும்புவதற்குக் காரணம், அது இந்த முன்தோற்றத்தை உடனுக்குடன் காட்டுவதே.

தெரிவில் நீங்கள் உங்களிடம் கேட்கும் வினா முக்கியமானது. 'இதனை நீக்கலாமா?' என்று கேட்டால் கை தயங்கும். 2,400இல் 1,800 மிஞ்சும். 'இதனை எடுக்கிறேனா?' என்று கேட்டால் 500 மட்டும் வரும். ஆகவே நீக்குவதற்கன்றி, எடுப்பதற்கே விசையை அழுத்துங்கள். 100 மீற்றர் முடிவுக்கோட்டில் தொடர்ச்சியாக 14 படங்கள் இருக்குமாயின் அவற்றை ஒரே தொடராகப் பார்த்து ஒன்றை அல்லது இரண்டை எடுத்துவிட்டு நகர வேண்டும். ஐந்து நட்சத்திர முறையில் ஒரே தடவையில் தரமிட முயல்வது வீண். இது மூன்றா நான்கா என்ற யோசனையிலேயே நேரம் போய்விடும். ஆம், இல்லை என்ற இருநிலை போதும். இரும எண்களைக் கற்கும் உங்களுக்கு இது புதிதல்ல.

மூடிய கண்களையும் தெளிவற்ற படங்களையும் தாமாகவே ஒதுக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இன்று உள்ளன. குழுப் படங்களில் அவை உதவும். ஆனால் முடிவுக்கோட்டை நெஞ்சால் தொடும் கணத்தில் ஓடுபவர் கண்ணை இறுக மூடியிருப்பார். அப்படத்தை ஒதுக்கும் கருவியிடம் முழுப்பொறுப்பையும் ஒப்படைக்க முடியாது. இன்னொன்று. நன்றாக வந்த படங்களை மட்டும் எடுத்தால் வென்றவர்களின் முகங்களே சஞ்சிகையை நிரப்பும். கடைசியாக ஓடிவந்த பிள்ளைக்கு அன்றைய தினத்தில் இருப்பது ஒரே ஒரு படமாக இருக்கலாம். தெரிவு முடிந்ததும் நான்கு இல்லங்களும், கீழ்வகுப்புப் பிள்ளைகளும், பாண்ட் வாத்தியக் குழுவும் உள்ளனரா என நிகழ்ச்சி நிரலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பல ஆண்டுகளின் தேக்கம் இருந்தால் எங்கிருந்து தொடங்குவது? பழையதிலிருந்து என்பர் பலர். எனது கருத்து வேறு. அண்மையதிலிருந்தே தொடங்குங்கள். அதற்காகத்தான் மனிதர் காத்திருக்கிறார்கள். பெயர்களும் நினைவில் இருக்கும். வினோகிராண்ட் தம் சுருள்களை வேண்டுமென்றே நீண்டகாலம் கழுவாமல் வைத்திருப்பார். எடுத்த கணத்தின் உணர்ச்சி மறந்தபின் படத்தைப் படமாகவே மதிப்பிடலாம் என்பது அவரது எண்ணம். கலைஞருக்கு அது ஒரு முறையாகலாம். அஞ்சலோட்டத்தில் மூன்றாவதாக ஓடிய மாணவியின் பெயரை இரண்டு ஆண்டுகளின் பின் யாரிடம் கேட்பது? தெரிவு செய்த அன்றே பெயரையும் நிகழ்ச்சியையும் மீதரவில் எழுதிவிட வேண்டும்.

ஒளிக்கு ஒரு தொகுதி

திருத்தத்துக்குப் படங்களைப் பிரிக்கும்போது நிகழ்ச்சியைக் கொண்டல்ல, ஒளியைக் கொண்டே பிரிக்க வேண்டும். காலை அணிநடை ஒரு தொகுதி. நண்பகலில் நடந்த ஓட்டங்களும் பாய்ச்சல்களும் வேறு நிகழ்ச்சிகளாயினும் ஒளி ஒன்றே; ஆகவே ஒரே தொகுதி. நீல நிற விரிப்புக் கூடாரத்தின் கீழ் அமர்ந்த விருந்தினரின் முகங்கள் நீலம் பாய்ந்திருக்கும், அது தனித்தொகுதி. மாலைப் பரிசளிப்பில் மின்குமிழ் எரியத் தொடங்கியதும் இன்னொன்று.

ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு படத்தை மட்டும் கவனமாகத் திருத்துங்கள். முதலில் வெண்சமநிலை, பின் வெளிச்சம், பின் மாறுபாடு. றோ கோப்பில் வெண்சமநிலை என்பது தரவுடன் சேர்த்து எழுதப்பட்ட ஒரு குறிப்பு மாத்திரமே. கமரா படத்துக்குப் படம் வேறு மதிப்பைக் குறித்திருந்தாலும் அதனைத் தூக்கிவிட்டு ஒரே மதிப்பை இடலாம், தரவு கெடாது. வெள்ளைச் சட்டையைச் சுட்டியால் தொட்டு வெண்சமநிலை பிடிப்பது பலரின் குறுக்குவழி. நீலம் போட்டுத் தோய்த்த சட்டை உண்மையில் வெள்ளையன்று என்பதால் படம் மஞ்சளுக்குச் சாய்ந்துவிடும். காலையில் ஒரு சாம்பல்நிற அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்துவைத்தால் இத்தொல்லை இல்லை.

திருத்திய அமைப்புகளை ஏனைய படங்களுக்குப் பிரதி செய்வது எவ்வாறு இத்துணை விரைவாக நடக்கின்றது? றோ மென்பொருள் மூலக்கோப்பை மாற்றுவதேயில்லை. வெண்சமநிலை இவ்வளவு, வெளிச்சம் இவ்வளவு என்ற அறிவுறுத்தல்களை எக்ஸ்.எம்.பீ. எனப்படும் சிறு பக்கக் கோப்பிலோ தன் தரவுத்தளத்திலோ எழுதிவைக்கின்றது. தரவு வேறு, அறிவுறுத்தல் வேறு. 80 படங்களுக்குப் பிரதி செய்யும்போது நகர்வது சில கிலோபைற்று அளவான அறிவுறுத்தல் மட்டுமே. பிடிக்காவிட்டால் அதனை நீக்கி மீளத் தொடங்கலாம். லைட்ரூம் மென்பொருளுக்குச் சந்தா செலுத்த வேண்டும். டார்க்டேபிள், றோதெரபி ஆகியன இலவசமானவை, திறந்த மூல மென்பொருள்கள். பாடசாலைக்கு அவை போதும்.

பிரதி செய்யக்கூடாதனவும் உண்டு. கமரா தன்னியக்க நிலையில் இருந்திருந்தால் கறுத்த மரநிழல் பின்னாலிருக்கும்போது ஒரு வெளிச்சமும் வானம் பின்னாலிருக்கும்போது வேறொரு வெளிச்சமுமாகப் பதிவாகியிருக்கும். வெண்சமநிலை எல்லாவற்றுக்கும் பொருந்தும், வெளிச்சம் பொருந்தாது. முற்கூறிய 30 செக்கன் சரிபார்ப்பு இதற்காகவே. படத்தின் ஓரங்களை வெட்டுவதும் ஒவ்வொன்றாகவே செய்ய வேண்டியது.

வெளியீடு

300 படங்களையும் ஜேபெக்காக மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டு நீங்கள் எழுந்து செல்லலாம். படத்துக்கு 10 செக்கன் எனின் 50 நிமிடம். உங்கள் நேரமன்று, கணினியின் நேரம். தரவுகளைச் சேர்த்துவைத்து, மனிதத் தலையீடின்றி ஒரே தடவையில் முறைவழிப்படுத்துவதைத் தொகுதி முறைவழியாக்கம் என்கிறோம். மின்சாரப் பட்டியல், சம்பளப் பட்டியல் என்ற வழமையான உதாரணங்களோடு இதனையும் எழுதலாம். சஞ்சிகைக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில், 6 அங்குல அகலப் படத்துக்கு 1,800 பிக்சல்கள் வேண்டும். தெரிவாகாத றோ கோப்புகளை ஒரு தவணை வரை வைத்திருந்து, ஒருவரும் கேட்காவிடின் அழித்துவிடலாம் என்பது எனது அபிப்பிராயம். தெரிவான 300இன் றோ கோப்புகளை அழிக்க வேண்டாம்.

மாதிரி வினா

20 மெகாபிக்சல் உணரியுள்ள கமராவொன்று 12 பிற்று றோ கோப்புகளைச் சுருக்காமல் பதிகின்றது. (அ) ஒரு கோப்பின் அளவு யாது? (ஆ) 64 கிகாபைற்று அட்டையில் எத்தனை படங்கள் அடங்கும்? (1 கிகாபைற்று = 1,000 மெகாபைற்று; 1 மெகாபைற்று = 1,000,000 பைற்று எனக் கொள்க.)

(அ) 20,000,000 × 12 = 240,000,000 பிற்றுகள். 8ஆல் வகுக்க 30,000,000 பைற்றுகள், அதாவது 30 மெகாபைற்று. இங்கே மூன்று நிறங்கள் என்றெண்ணி 3ஆல் பெருக்கி 90 மெகாபைற்று என எழுதுவோர் பலர். றோ கோப்பில் ஒரு பிக்சலுக்கு ஒரு பெறுமானம்தான். வினாவில் 24 பிற்று நிறப்படம் என்று தந்திருந்தால் மூன்று நிறங்களும் அந்த 24க்குள் ஏற்கனவே அடங்கிவிட்டன. அப்போதும் 3ஆல் பெருக்கலாகாது.

(ஆ) 64,000 ÷ 30 = 2,133.3. அரைகுறைப் படம் பதிய முடியாதாகையால் விடை 2,133. வினாவில் 1,024 தரப்பட்டிருந்தால் எல்லாப் படிகளிலும் அதனையே பயன்படுத்துக. இரண்டையும் கலந்து எழுதினால் விடை பிழைக்கும். செய்கையின் ஒவ்வொரு படியிலும் அலகை எழுதிக் காட்டுங்கள்.